மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறீர்களா? உங்களுக்கான மியாட்டாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குவது என்று முடிவு செய்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: எந்த எம்எக்ஸ்-5? 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் குட்டி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார்) இதுவரை நான்கு தலைமுறைகளைப் பார்த்துவிட்டது. 2016-ல் பத்து லட்சமாவது கார் தயாரானது. ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு வேறு இன்ஜின்கள், துணிக்கூரை, மடங்கும் கெட்டிக்கூரை, ஐந்து கியர், ஆறு கியர், ஆட்டோமேட்டிக், போதாததற்கு வருடத்துக்கு ஒன்றாகச் சிறப்புப் பதிப்புகள். புதிதாக வருபவருக்குத் தலை சுற்றுவது இயல்புதான்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. வட அமெரிக்காவில் இது மியாட்டா. ஜப்பானில் முதல் தலைமுறை யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனையானது. மற்ற பல நாடுகளில் எம்எக்ஸ்-5. மூன்றும் ஒரே கார்தான். விளம்பரங்களில் தேடும்போது மூன்று பெயர்களையும் போட்டுத் தேடுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மாடல் என்பதைவிட உங்கள் முன்னால் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட கார் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நன்றாகப் பராமரித்த சாதாரண மாடல் ஒன்று, அடியில் துருப்பிடித்துப்போன அபூர்வப் பதிப்பைவிட எந்த நாளும் மேல். இந்தக் காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. பாடி போய்விட்டால் கார் போய்விட்டது என்றே அர்த்தம். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

முதலில்: எதற்கு ஓட்டப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, இந்தக் காரை வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரத்தில், எந்த மாதிரிச் சாலையில் ஓட்டுவீர்கள் என்று நேர்மையாக எழுதுங்கள். வளைந்து நெளியும் மலைச்சாலையில் ஞாயிறு காலை ஓட்டுவது மட்டும்தான் கனவு என்றால் பழைய தலைமுறைகள் அருமையாகப் பொருந்தும். தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும், மழையிலும் நிறுத்த வேண்டும், நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும் என்றால் கதை வேறு. முதல் தலைமுறைக் காரில் நெடுஞ்சாலை வேகத்தில் கூரையை மூடினாலும் காற்றின் இரைச்சல் காதைத் துளைக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும்.

இன்னொரு கேள்வி: வீட்டில் இது மட்டும்தான் காரா? இரண்டே இருக்கைகள், சின்ன டிக்கி. இன்றைய மாடலின் டிக்கி 130 லிட்டர்தான். இரண்டு மென்மையான பைகள் போகும், பெரிய சூட்கேஸ் போகாது. இன்னொரு வண்டி இல்லாத வீட்டில் இது அன்றாடம் உறுத்தும்.

காரை நிறுத்த மூடிய இடம் உண்டா என்பதையும் இதே தாளில் எழுதுங்கள். வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் கிடக்கப்போகிறது என்றால், கூரை பற்றிய முடிவு அங்கேயே பாதி எடுத்தாகிவிட்டது.

அடுத்து: உட்கார்ந்து பாருங்கள்

இதைப் பலர் கடைசிக்கு ஒத்திவைக்கிறார்கள். முதலிலேயே செய்ய வேண்டிய வேலை இது. எம்எக்ஸ்-5 சின்னக் கார். உயரமானவர்களுக்கு முதல் இரண்டு தலைமுறைகளில் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். தலை, முன்கண்ணாடியின் மேல் சட்டத்துக்கு நேராக நிற்கும். மூன்றாவது தலைமுறைதான் உள்ளே கொஞ்சம் தாராளம். நான்காவதில் 2019 மாடலிலிருந்து ஸ்டியரிங்கை முன்னும் பின்னுமாக இழுத்துச் சரிசெய்யும் வசதி வந்தது; அதற்கு முன்பு மேலும் கீழும் மட்டும்தான். நீண்ட கால் உள்ளவருக்கு இந்த ஒரு வசதியே எந்த வருட மாடல் என்பதைத் தீர்மானித்துவிடும்.

உட்காரும்போது கூரையை மூடிவைத்து உட்காருங்கள். திறந்திருக்கும்போது எல்லாருக்கும் இடம் போதும் என்றுதான் தோன்றும். நீங்கள் வழக்கமாக அணியும் ஷூவோடு போங்கள். மூன்று பெடல்களும் நெருக்கமாக இருக்கும். அகலமான ஷூ பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக மிதிக்கிறதா என்று பாருங்கள். இருக்கையில் உள்ள ஸ்பாஞ்சைக் கொஞ்சம் வெட்டியெடுத்து இறக்கிக்கொள்வது பழைய மாடல்களில் உயரமானவர்கள் செய்யும் வழக்கமான கைவைத்தியம். அதை நம்பி வாங்கலாம், ஆனால் இரண்டு விரற்கடைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கூரை: துணியா, கெட்டியா?

என் விருப்பம் துணிக்கூரைதான். இந்தக் காரின் துணிக்கூரை அவ்வளவு எளிமையானது. முதல் இரண்டு தலைமுறைகளில் இரண்டு கொக்கிகளை விடுவித்துப் பின்னால் தள்ளினால் போதும். அடுத்த இரண்டிலும் நடுவில் ஒரே ஒரு கொக்கி. நான்காவதில், சிக்னலில் நிற்கும்போது இருக்கையிலிருந்தபடியே ஒற்றைக் கையால் திறந்துவிடலாம். மோட்டார் இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை, எடையும் குறைவு.

கெட்டிக்கூரை மாடல்கள் இரண்டு. மூன்றாவது தலைமுறையில் 2006-ல் வந்த மடங்கும் கூரை, பொத்தானை அழுத்தினால் சுமார் 12 நொடியில் இருக்கைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். டிக்கி இடத்தைத் தின்னாது என்பது அதன் சிறப்பு. நான்காவது தலைமுறையின் ஆர்எஃப் மாடலில் கூரையின் நடுப்பகுதி மட்டும் உள்ளே போகும். பின்தூண்கள் அப்படியே நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் முழுக்கத் திறந்த உணர்வு கிடைக்காது, வேகமெடுத்தால் அந்தத் தூண்களைச் சுற்றிக் காற்று இரையும். வாங்குவதற்கு முன் நெடுஞ்சாலை வேகத்தில் கூரையைத் திறந்துவைத்து ஓட்டிப்பார்க்காமல் ஆர்எஃப் வாங்க வேண்டாம். தெருவோரத்தில் நிறுத்தும் நிலை இருந்தால், தினசரி ஓட்டுபவராக இருந்தால், கெட்டிக்கூரை நியாயமான தேர்வு.

முதல் இரண்டு தலைமுறைக்காரர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. கழற்றி மாட்டும் தனிக் கெட்டிக்கூரையை மாஸ்டாவே கொடுத்தது. ஒரு தலைமுறையின் கூரை மற்றதற்கும் பொருந்தும். குளிர்காலத்தில் மாட்டி, வெயில் காலத்தில் கழற்றிவைக்கலாம். கழற்ற இரண்டு பேர் வேண்டும், வைக்க இடமும் வேண்டும். அதேபோல இரண்டாம் தலைமுறையின் கண்ணாடி ஜன்னல் வைத்த துணிக்கூரையை முதல் தலைமுறைக் காரிலும் போட்டுக்கொள்ளலாம். பழைய பிளாஸ்டிக் ஜன்னல் மங்கிப்போய், கூரையும் கிழிந்திருந்தால், பலரும் இதைத்தான் செய்கிறார்கள்.

நான்கு தலைமுறைகள்

ரசிகர்கள் இவற்றை என்ஏ, என்பி, என்சி, என்டி என்றே சொல்வார்கள். விளம்பரத்திலும் அப்படியே வரும், பழகிக்கொள்ளுங்கள்.

என்ஏ, 1989 முதல் 1997 வரை. எழுந்து நிற்கும் முகப்பு விளக்குகள் கொண்டது இது மட்டும்தான். முதலில் 1.6 லிட்டர் இன்ஜின், ஏறக்குறைய 115 குதிரைத்திறன். 1994 மாடலில் 1.8 லிட்டர் வந்தது, கூடவே பெரிய பிரேக்குகளும் உறுதியான டிஃபரன்ஷியலும் (இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பாகம்) வந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். இதில் ஒரு ரவுண்டு போனால்தான் இந்தக் கார் ஏன் இவ்வளவு பேரைக் கட்டிப்போட்டது என்று புரியும்: சாலையில் கிடக்கும் சின்னச் சரளைக் கல்கூட ஸ்டியரிங் வழியே கைக்கு வந்து சேரும். பவர் ஸ்டியரிங் இல்லாத ஆரம்ப மாடல் கிடைத்தால் நிறுத்தும்போது கை வலிக்கும்; ஓடும்போது அதன் துல்லியத்துக்கு ஈடு கிடையாது.

1989-லிருந்து 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 இன்ஜின்களில் ஒரு பலவீனம் உண்டு. இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. அதில் புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட் சரியாக முறுக்கப்படாமல் போனால் சாவிப்பள்ளம் தேய்ந்து ஆட்டம் காணும். இன்ஜினை ஓடவிட்டு முன்னால் உள்ள கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். புல்லி தள்ளாடிச் சுற்றினால் விலகிவிடுங்கள். புல்லியின் முகப்பில் நான்கு பள்ளங்கள் இருந்தால் அது குட்டை முனை, எட்டு இருந்தால் பிறகு வந்த நீள முனை. குட்டை முனை என்றாலே கெட்டது என்று இல்லை. இத்தனை வருடம் தாங்கி ஓடுகிற கார் என்றால், டைமிங் பெல்ட் மாற்றியவர் அந்த போல்ட்டை ஒழுங்காக முறுக்கியிருக்கிறார் என்றுதான் பொருள்.

சில ஐரோப்பியச் சந்தைகளில் 1995-க்குப் பிறகு 90 குதிரைத்திறன் மட்டுமே உள்ள மலிவு 1.6 விற்கப்பட்டது. வருடம் புதிது என்று நம்பி வாங்கி, மேட்டில் ஏறும்போது ஏமாந்துபோகாதீர்கள்.

என்பி, 1998 முதல் 2005 வரை. என்ஏவின் அடித்தளமேதான். விளக்குகள் நிலையானவை, பின்ஜன்னல் சூடேற்றும் கம்பியோடு கூடிய கண்ணாடி, பாடி கொஞ்சம் விறைப்பு. 2001 மாடலிலிருந்து 1.8-க்கு வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு வந்தது. தாழ்ந்த ஆர்பிஎம்மிலும் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) இழுவை சற்றுக் கூடியது. புதிதாக வருபவர், சொந்தமாகக் கையில் ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படுபவர், என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். என்ஏ சேகரிப்போர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. என்பியை இன்னும் குற்ற உணர்வு இல்லாமல் ஓட்டலாம், கழற்றலாம், கற்றுக்கொள்ளலாம். 2004, 2005-ல் வந்த மாஸ்டாஸ்பீட் டர்போ மாடல் 178 குதிரைத்திறன். வேகம் உண்டு. ஆனால் முதல் எம்எக்ஸ்-5 ஆக அதை வாங்கச் சொல்லமாட்டேன். இந்தக் காரின் சுவை இன்ஜினை நன்றாகச் சுழலவிட்டு ஓட்டுவதில் இருக்கிறது.

என்சி, 2005 முதல் 2015 வரை. ரசிகர்கள் அதிகம் குறை சொல்வது இதைத்தான், அது நியாயமில்லை. உயரமாக நிற்கிறது, கொஞ்சம் குண்டு, முகத்தில் புன்னகை அதிகம் என்பார்கள். எடை உண்மையில் சுமார் 1,100 கிலோ. இன்றைய சராசரிக் கார்களோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. 2 லிட்டர் இன்ஜினில் சந்தையைப் பொறுத்து 160 முதல் 170 குதிரைத்திறன். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஸ்டியரிங் இன்னும் ஹைட்ராலிக். 2009 மாடல் வாக்கில் வந்த திருத்தத்தில் கிராங்க் ஷாஃப்ட் வலுவாக்கப்பட்டு, இன்ஜின் 7,500 ஆர்பிஎம் வரை போக அனுமதிக்கப்பட்டது. தினமும் ஓட்ட ஒரே எம்எக்ஸ்-5, பட்ஜெட்டும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால், திருத்தத்துக்குப் பிந்தைய என்சி 2 லிட்டர் மாடலை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பார்க்கப் போகும்போது ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் குறைந்தபடியே ஓட்டப்பட்ட ஆரம்பகால என்சி இன்ஜின்கள் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

என்டி, 2015-லிருந்து இன்றுவரை. நான்கிலும் நீளம் குறைந்தது இதுதான், 3,915 மில்லிமீட்டர். என்சியைவிட சுமார் 100 கிலோ குறைத்தார்கள். ஜப்பானின் அடிப்படை 1.5 லிட்டர் மாடல் 990 கிலோதான். பாதுகாப்பு வசதிகள் நிறைய வந்த பிறகும் எடையைக் கீழே கொண்டுவந்தது சாதாரண காரியம் இல்லை. இதில் பார்க்க வேண்டிய எல்லைக்கோடு 2019 மாடல். அதற்கு முன்பு 2 லிட்டர் இன்ஜின் 160 குதிரைத்திறன், 6,800 ஆர்பிஎம். அதற்குப் பிறகு 184, 7,500 ஆர்பிஎம். எண்ணில் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஓட்டிப் பார்த்தால் வேறு இன்ஜின். முன்பு மேல் ஆர்பிஎம்மில் மூச்சு வாங்கிய இடத்தில் இப்போது பாடத் தொடங்கும்.

ஆரம்ப என்டிகளின் மேனுவல் கியர்பாக்ஸில் உடைப்புப் பிரச்சினை இருந்தது. மாஸ்டா உள்ளே பலமுறை திருத்தங்கள் செய்தது. 2016, 2017 மாடல் பார்க்கிறீர்கள் என்றால் கியர்பாக்ஸ் மாற்றப்பட்டதா, எப்போது என்று கேளுங்கள். மாற்றப்பட்டிருந்தால் அது குறையல்ல, நல்ல செய்தி. 2024 மாடலில் டிஃபரன்ஷியலும் திரையும் மின்னணு அமைப்புகளும் புதுப்பிக்கப்பட்டன. ஐரோப்பாவின் பல நாடுகளில் இப்போது 1.5 லிட்டர் மட்டுமே புதிதாகக் கிடைக்கிறது. அதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டியதில்லை. 131 குதிரைத்திறனைக் கடைசித் துளிவரை பயன்படுத்தி, அப்போதும் அளவான வேகத்திலேயே ஓட்டலாம். சாதாரண சாலையில் அதுதான் சந்தோஷம்.

என்டியின் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு: 2016-ல் வந்த ஃபியட் 124 ஸ்பைடர். அதே ஹிரோஷிமா தொழிற்சாலையில் தயாரானது, உள்ளே ஃபியட்டின் 1.4 லிட்டர் டர்போ இன்ஜின். தாழ்ந்த ஆர்பிஎம்மில் இழுவை பிடித்தவர்கள் ஓட்டிப்பார்க்கலாம்.

கியர், டிஃபரன்ஷியல்

மேனுவல் வாங்குங்கள். உடல்நிலை காரணமாக ஆட்டோமேட்டிக் தேவைப்படுபவர்கள் என்சி அல்லது என்டியின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கைப் பாருங்கள். என்ஏவின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் இன்ஜினின் உயிரையே வாங்கிவிடும்.

ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழன்றுவிடாமல் இரண்டுக்கும் சக்தியைப் பகிரும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் எல்லா மாடலிலும் கிடையாது. விளம்பரத்தில் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். மழைச் சாலையிலும் ரேஸ் பாதையிலும் இதன் அருமை தெரியும். நிதானமாக ஓட்டுபவருக்கு இது இல்லாமலும் வண்டி நன்றாகவே ஓடும். இதற்காக மட்டும் ஒரு நல்ல காரை வேண்டாம் என்று ஒதுக்குவது சரியில்லை.

துரு: இங்கே அவசரப்படாதீர்கள்

முதல் இரண்டு தலைமுறைகளை வாங்கும்போது உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நீளமாக ஓடும் பகுதியைச் சில் என்பார்கள். கூரை இல்லாத காரின் பலமே அதில்தான் இருக்கிறது. எம்எக்ஸ்-5 துருப்பிடிக்கத் தொடங்குவதும் அங்கேதான், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். காரணம் எளிது. துணிக்கூரையில் விழும் மழைநீர் பின்னால் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளைகள் வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி நிரம்பி வழிந்து, பாடிக்குள் இறங்கி, சில்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே இரும்பு அரித்துக்கொண்டிருக்கும்.

இதைச் சோதிக்க ஒரு பாட்டில் தண்ணீர் போதும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கூரையைப் பாதி திறந்து, இருக்கை பெல்ட் தூணுக்குப் பின்னால் உள்ள துளையில் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் தண்ணீர் உடனே ஒழுக வேண்டும். வரவில்லை என்றாலோ, கலங்கிய பழுப்பு நீர் சொட்டினாலோ, எச்சரிக்கையாகிவிடுங்கள். பிறகு கார்ப்பெட்டின் ஓரத்தை இருக்கைக்குப் பின்னால் தூக்கி, கையை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா, புழுக்க வாடை அடிக்கிறதா?

அப்புறம் காந்தம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில்லின் நீளம் முழுக்க, குறிப்பாகப் பின்கோடியில், மெதுவாக நகர்த்துங்கள். எங்காவது பிடிப்பு திடீரென விட்டால் அங்கே இரும்புக்குப் பதில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். பானெட்டில் காந்தம் ஒட்டாது, பயப்படாதீர்கள், அது அலுமினியம். என்டியில் முன் ஃபெண்டர்களும் டிக்கி மூடியும் கூட அலுமினியம்தான். சில்லின் கீழ் மடிப்பை விரலால் தடவுங்கள். ஜாக்கி வைத்து நசுங்கியிருப்பது வழக்கம், அது பெரிய விஷயம் இல்லை. நொறுங்கினால்தான் பெரிய விஷயம்.

சாலையில் உப்புத் தூவும் குளிர் நாடுகளில் ஓடிய என்பி என்றால் லிஃப்ட்டில் ஏற்றாமல் வாங்கவே கூடாது. முன்பகுதியில் இன்ஜினுக்கு இருபுறமும் ஓடும் சேஸிஸ் சட்டங்கள் உள்ளிருந்து அரிக்கும்; மேலிருந்து பார்த்தால் தெரியாது. டிக்கியின் தரையையும் பாருங்கள். முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரி டிக்கியில்தான் இருக்கும். அதற்கென உள்ள மூடிய வகை பேட்டரிக்குப் பதிலாகச் சாதாரண பேட்டரியை வைத்து ஓட்டினால் அமில ஆவி பக்கத்து இரும்பை அரித்துவிடும்.

சில்லை வெட்டி எடுத்துப் புதிய தகடு வைத்துப் பற்றவைப்பது செய்யக்கூடிய வேலைதான். செய்து முடித்திருந்தால் வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். படம் இல்லாமல் "எல்லாம் பார்த்தாச்சு" என்று வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம்.

மற்ற சோதனைகள்

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். வருவதற்கு முன்பே விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். என்ஏவில் ஸ்டார்ட் செய்ததும் வால்வுப் பகுதியிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருவது சகஜம். ஹைட்ராலிக் லிஃப்டர்களின் வேலை அது. நல்ல ஆயில் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கருப்பாக இருக்க வேண்டும். பழுப்பாக மாறியிருந்தால் பிளாஸ்டிக் முதிர்ந்து வெடிக்கக் காத்திருக்கிறது. அதை மாற்றும் செலவைப் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ஏ, என்பி இரண்டிலும் டைமிங் பெல்ட் சுமார் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் திரவம் கறுத்திருந்தால், பெடல் தரையை ஒட்டியே பிடித்தால், கீழே உள்ள சின்னச் சிலிண்டர் கசியத் தொடங்கியிருக்கும். மலிவான பாகம்தான், மாற்றுவதும் எளிது. குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் சற்றே முரண்டு பிடிப்பதும் பழைய கியர்பாக்ஸின் குணம். சூடான பிறகும் கரகரத்தால்தான் கவலை. கியர் கம்பியைச் சுற்றிச் சூடான காற்று மேலே வருகிறதா? உள்ளே உள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கிறது. அதை மாற்றி, கியர் கம்பி உட்காரும் குழியில் புதிய ஆயில் கொஞ்சம் விட்டால் கியர் போடுவது மறுபடியும் வெண்ணெயாகிவிடும். இந்த விலைக்கு இந்த அளவு மாற்றம் தரும் வேலை இந்தக் காரில் வேறு கிடையாது.

டயர்களைப் பக்கவாட்டில் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. அதிகம் ஓடாத கார்களில் ரப்பர் தேயாமலே முதிர்ந்து கெட்டியாகியிருக்கும். நான்கும் ஒரே பிராண்டா என்பதும் உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது முதலில் பாட்டை நிறுத்திவிடுங்கள். கூரையை மூடி ஒரு முறை, திறந்து ஒரு முறை. மேடுபள்ளமான சாலையில் முன்கண்ணாடிச் சட்டம் கொஞ்சம் அதிர்வது இயல்பு. நேரான சாலையில் ஒரு பக்கம் இழுத்தால் சக்கர அலைன்மென்ட் பிரச்சினை. அதைச் சரிசெய்யும் நீள போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், சிறு வேலை பெரிய வேலையாகும்.

மாற்றம் செய்யப்பட்ட கார்கள், சிறப்புப் பதிப்புகள்

உலகிலேயே அதிகமாக மாற்றியமைக்கப்படும் கார்களில் இதுவும் ஒன்று. நல்ல டயர், நல்ல பிரேக் பேட், தரமான ஷாக் அப்சார்பர் என்றால் வரவேற்கலாம். வயர்கள் தொங்குகிற, தரையைத் தொடும் அளவு இறக்கப்பட்ட, யார் பொருத்தினார்கள் என்றே தெரியாத டர்போ வைத்த காரை விட்டுவிடுங்கள். மாற்றம் இல்லாத காரை வாங்கி, உங்கள் விருப்பப்படி நீங்களே மாற்றிக்கொள்வதுதான் சுகம். கழற்றிய அசல் பாகங்கள் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

சிறப்புப் பதிப்புகளில் பெரும்பாலானவை நிறமும் தோலிருக்கையும்தான். நார்டி மர ஸ்டியரிங்கோடு வந்த பச்சை நிற யூனோஸ் வி-ஸ்பெஷல் போன்றவை மனதை அள்ளும், மறுக்கவில்லை. 2019-ல் 3,000 மட்டுமே தயாரான ஆரஞ்சு நிற 30-வது ஆண்டுப் பதிப்பும் அப்படித்தான். பிடித்த நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. நீங்கள் தினமும் பார்க்கப்போகும் கார். ஆனால் என்டியின் சோல் ரெட் சிவப்பை விரும்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அது பல அடுக்குப் பெயிண்ட். ஒரு கதவுக்கு மட்டும் அடித்து நிறம் சேர்ப்பது கைதேர்ந்த பெயிண்டருக்கே கடினம். வெயிலில் நின்று, கதவும் ஃபெண்டரும் ஒரே சிவப்பா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

வாங்கிய பிறகு

குறைந்தது மூன்று கார்களையாவது பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முதல் காரில் கண்ணுக்குப் படாதது மூன்றாவது காரைப் பார்த்த பிறகு பளிச்சென்று தெரியும்.

சாவியைக் கையில் வாங்கிவிட்டீர்களா? முதல் வாரத்தில் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக், கிளட்ச் திரவம், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். முந்தையவர் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள். இன்றிலிருந்து உங்கள் கணக்கு. நீர்த் துளைகளைச் சுத்தம் செய்து, வருடத்துக்கு இரண்டு முறை செய்ய நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மென்மையான பிளாஸ்டிக் குழாய் போதும், கூரான கம்பி விடாதீர்கள். உள்ளே உள்ள ரப்பர் குழாய் கிழிந்தால் தண்ணீர் நேராகச் சில்லுக்குள் போகும். என்ஏவில் பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தால், கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவையுங்கள். அப்படியே மடித்தால் கோடு விழுந்து அங்கேயே உடையும்.

பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட். இந்தக் காரின் முன்னும் பின்னும் இரட்டை விஷ்போன் அல்லது அதற்கு ஈடான பல இணைப்பு சஸ்பென்ஷன். நான்கு சக்கரங்களின் கோணத்தையும் சரிசெய்யலாம். முன்சக்கரம் மட்டும் பார்த்து அனுப்பும் கடைக்குப் போகாதீர்கள். பழைய கார் ஒன்று மந்தமாக, பதற்றமாக ஓடுகிறது என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு இந்த ஒரு வேலையே காரை மாற்றிக் கொடுத்துவிடும். ஸ்பிரிங், எக்ஸாஸ்ட், பெரிய சக்கரம் என்று வாங்கும் ஆசையை அதுவரை தள்ளிவையுங்கள். புதிய டயரும் சரியான அலைன்மென்ட்டும் போட்டு ஒரு முழுப் பருவம் ஓட்டுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே என்ன தேவை என்பதைக் கார் அதற்குள் சொல்லிவிடும்.